மேகம் எறங்கிடுச்சி: நண்பர்களின் சொல்லும் நம் இலக்கியமும்

பதினொன்றாம் வகுப்பில் என் பெஞ்சில் உட்கார்ந்தவன் கல்வராயன் மலைக்காரன். கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கிப் படித்தான். தீபாவளி லீவு முடிந்து பள்ளி திறந்து மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தான். "ஏன்டா லேட்டு?" என்று சார் கேட்டார். எழுந்து நின்று, "மேகம் எறங்கிடுச்சி சார், பஸ்ஸு வரல" என்றான்.

வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்தார்.

அவன் சொன்னது சாக்கு இல்லை. மழைக்காலத்தில் கரியாலூர், வெள்ளிமலைப் பக்கம் மேகம் ரோட்டுக்கே இறங்கிவிடும். எதிரில் வரும் வண்டி தெரியாது. அவனைப் பொறுத்தவரை அது வெறும் தகவல். அண்ணாந்து பார்த்தால் மட்டுமே மேகத்தைப் பார்த்திருந்த எங்களுக்கோ, அது அந்த வருஷத்தின் மிகச் சிறந்த சாக்காகக் கேட்டது.

மறுநாள் வீட்டுப்பாடம் செய்யாத ஒருவனை சார் எழுப்பினார். பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் மெதுவாக, "மேகம் எறங்கிடுச்சி சார்" என்றது. அந்த இரண்டாவது குரல்தான் முக்கியம் என்று இப்போது தோன்றுகிறது. முதலில் சொன்னவன் சொல்லை உண்டாக்கவில்லை, ஒரு வாக்கியம் பேசினான், அவ்வளவுதான். அதை அந்த இடத்திலிருந்து பிடுங்கி இன்னொரு இடத்தில் நட்டவன்தான் சொல்லை உண்டாக்கினான்.

ஒரு வாரத்தில் அதற்கு இலக்கணமே வந்துவிட்டது. "மேகம் போடாத" என்றால் சாக்கு சொல்லாதே. "மேகத்துல இருக்கான்" என்றால் பாடத்தைக் கவனிக்கவில்லை. "மேகமாயிட்டான்" என்றால் கட் அடித்துவிட்டான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு மாதம் கழித்து, எங்களுக்குப் பெயர்கூடத் தெரியாத ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் மைதானத்தில் இன்னொருவனைப் பார்த்து, "ரொம்ப மேகம் போடாதடா" என்று கத்தினான். எங்களுக்குப் பெருமையாகவும் இருந்தது, திருட்டுப் போனதுபோலவும் இருந்தது. அதன் கதை தெரியாத ஒருவன் அதைப் பேசுகிறானே!

பிறகு ஒருநாள் இயற்பியல் சார், தூங்கிக்கொண்டிருந்த ஒருவனைப் பார்த்து, "என்னடா, மேகமா?" என்று கேட்டார். யாருமே சிரிக்கவில்லை. அன்றோடு அந்தச் சொல் செத்துப்போனது. பெரியவர்கள் கையில் எடுத்ததும் பசங்க கீழே போட்டுவிடுகிறார்கள். இன்று ஒரு விளம்பரத்தில் வந்த மறுநாளே 'வேற லெவல்' சலித்துப்போவதும் இப்படித்தான்.

ஒரு விஷயத்தை மட்டும் சொல்லாமல் விட்டேன். அந்தச் சொல் சாவதற்கு முன்பே அவனுக்குப் பெயராகிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை அவனை 'மேகம்' என்றுதான் கூப்பிட்டோம்.

*

அந்த வருஷம்தான் தமிழ் ஐயா எங்களுக்குக் குழூஉக்குறி நடத்தினார். பவணந்தி முனிவரின் நன்னூல், 13ஆம் நூற்றாண்டு. வழக்கை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என்று பிரித்து, தகுதி வழக்கில் இடக்கரடக்கல், மங்கலம் இரண்டோடு மூன்றாவதாகக் குழூஉக்குறியை வைக்கிறது. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் ஒரு பொருளுக்கு வேறு பெயர் வைத்துக்கொள்வது. உரைகளில் வரும் உதாரணங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்கள். இரண்டு மார்க்குக்காக மனப்பாடம் செய்தோம். பெஞ்சுக்கு அடியில் நாங்களே ஒரு குழூஉக்குறியைத் தயாரித்துக்கொண்டிருந்தோம் என்பது எங்களுக்கும் தெரியவில்லை, ஐயாவுக்கும் தெரியவில்லை.

இப்போது அந்த உதாரணங்களைப் பார்த்தால், அந்த உரையாசிரியர்கள் கூர்மையான காதுக்காரர்கள் என்று தெரிகிறது. மூன்றும் ஒரே வகை இல்லை. பொற்கொல்லன் எதிரில் நகை செய்யக் கொடுத்தவன் உட்கார்ந்திருக்கிறான்; அவனுக்குப் புரியக் கூடாது என்பதற்காக ஒரு சொல். கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதில் மறைப்பைவிட விளையாட்டுதான் அதிகம். குடித்தால் உள்ளே இருக்கும் சொல்லெல்லாம் வெளியே வந்துவிடும் இல்லையா? யாரோ ஒரு வேடன், நாலு பேர் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, அதை முதல்முறை சொல்லியிருப்பான். இரண்டாவது ஆள் மறுநாள் அதைத் திரும்பச் சொல்லியிருப்பான்.

நம் இலக்கணத்தில் இன்னொரு பெட்டியும் உண்டு. தொல்காப்பியம் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காகப் பிரிக்கிறது. திசைச்சொல் நிலத்தோடு சேர்ந்தது, குழூஉக்குறி கூட்டத்தோடு சேர்ந்தது. திசைச்சொல் ஆயாவிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து எனக்கு வருவது. அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. குழூஉக்குறியைக் கொடுப்பது ஒரு கூட்டம். சேர்த்துக்கொண்டால் கிடைக்கும், ஒதுக்கிவிட்டால் வாய்க்கு வராது.

என் குறை இதுதான். நாற்பது வருஷமாகத் தமிழ் விமர்சனம் வட்டார வழக்கைப் பற்றி நிறையப் பேசிவிட்டது. கூட்டத்தின் சொல்லைப் பற்றி ஏறக்குறைய எதுவும் பேசவில்லை. இரண்டையும் ஒரே பையில் போட்டு 'வட்டார மொழி', 'பேச்சு மொழி', 'மண்வாசனை' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம்.

*

வட்டார வழக்குக்கு நடந்த வேலை பெரிய வேலை. கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் அகராதி 1982இல் வந்தது. பெருமாள்முருகனின் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' 2000இல். எங்கள் பக்கத்துக்கு கண்மணி குணசேகரன் 'நடுநாட்டுச் சொல்லகராதி' செய்தார், 2007இல். அதை வாங்கியதும் முதலில் என் ஆயாவின் சொற்களைத்தான் தேடினேன். பலதும் இருந்தன. பல்கலைக்கழகங்கள் செய்யாததைத் தனி ஆட்களாக எழுத்தாளர்கள் செய்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் மரியாதை வருகிறது.

ஆனால் இந்த அகராதிகளுக்குள் இருப்பது வயல், களம், அடுப்படி, சாவு வீடு, திருவிழா. பள்ளிக்கூட மைதானமோ விடுதி அறையோ பஸ் ஸ்டாண்டோ பெரும்பாலும் இல்லை. இதை அகராதிக்காரரின் குற்றம் என்று சொல்ல மாட்டேன். அழியப்போகும் சொல்லைக் காப்பாற்றுவதுதான் அவருடைய நோக்கம். ஆறு மாதத்தில் தானாகவே சாகும் சொல்லை எப்படிச் சேர்ப்பது? சேர்த்தாலும் 'மேகம்: சாக்கு, கவனமின்மை' என்றுதான் எழுத முடியும். அதை யார் யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்பதற்கு அகராதியில் இடம் கிடையாது.

அந்த இடம் கதைக்குத்தான் இருக்கிறது. அதனால்தான் கதையிடம் கொஞ்சம் அதிகமாகக் கேட்கத் தோன்றுகிறது.

இன்று இணைய இதழ்களில் வரும் இளைஞர் கதைகளில் 'மச்சி', 'ப்ரோ', 'க்ரிஞ்ச்', 'பூமர்', 'செம' எல்லாம் தாராளமாக வருகின்றன. பேச்சு நிஜமாகத்தான் கேட்கிறது. ஆனால் நான்கு நண்பர்கள் பேசும் ஒரு பக்கத்தில் யார் பேசுகிறார்கள் என்பதை மறைத்துவிட்டுப் படித்தால், நால்வருக்கும் ஒரே வாய். எந்த நட்புக் கூட்டத்திலும் அப்படி இருக்காது. சொல்லை உண்டாக்குகிறவன் ஒருவன், பரப்புகிறவன் ஒருவன், தப்பான இடத்தில் பயன்படுத்தி அடி வாங்குகிறவன் ஒருவன், சிரிக்கிற மாதிரி நடிக்கிறவன் ஒருவன். கதை இருப்பது இந்த வித்தியாசத்தில். சொற்களை மட்டும் அள்ளிப் போட்டால் அது வெறும் உடுப்பு. அந்தக் காலத்துக் கதைகளில் கிராமத்தான் வேட்டியை மடித்துக் கட்டியதுபோல, இந்தக் காலத்துக் கதைகளில் இளைஞன் 'ப்ரோ' என்கிறான்.

நண்பர்களின் சொல்லை நன்றாகப் புரிந்துகொண்ட எழுத்தாளர் யார் என்று கேட்டால் நான் சுஜாதாவைச் சொல்வேன். மெக்சிகோ சலவைக்காரி ஜோக் ஞாபகம் இருக்கிறதா? வசந்த் அதைச் சொல்லத் தொடங்குவான், முழுசாகச் சொல்ல மாட்டான். அந்த ஜோக் என்ன என்று வாசகனுக்குக் கடைசிவரை தெரியாது. ஆனால் இரண்டு சுஜாதா வாசகர்கள் சந்தித்து, ஒருவர் 'மெக்சிகோ சலவைக்காரி' என்றதும் மற்றவர் சிரிக்கிறார். உள்ளே ஒன்றும் இல்லாத ஒரு டப்பா இத்தனை வருஷம் கை மாறிக்கொண்டிருக்கிறது. 'நீயும் அங்கே இருந்தாயா?' என்று கேட்டுக்கொள்வதுதான் அந்தச் சிரிப்பு. பாதிக் கூட்டச் சொற்கள் செய்கிற வேலை இதுதான், அர்த்தம் ரெண்டாம்பட்சம்.

*

சொல் கூட்டத்தை விட்டு வெளியே போனால் என்ன ஆகிறது? மொட்டையான பென்சில் முனையையும் மழுங்கிய கத்தியையும் சொல்லிவந்த 'மொக்கை', சலிப்பூட்டும் எதற்கும் ஆகிவந்து, இப்போது அம்மாக்களே சீரியலைப் பற்றிச் சொல்லும் சொல்லாகிவிட்டது. 'கெத்து' கோர்ட்டு வரைக்கும் போனது. 2016இல் அந்தப் பெயரில் ஒரு படம் வந்தது. தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு இருந்த காலம். 'கெத்து' தமிழ்ச் சொல் இல்லை என்று விலக்கை மறுத்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தெருமுனையில் பசங்க நாலு பேர் நாள் பூராவும் பேசும் சொல் தமிழா இல்லையா என்று கோப்பு எழுதிப் பார்த்தது அரசாங்கம்.

சந்தோஷமாகப் பரவுவதும் உண்டு. 2001இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தின் காண்ட்ராக்டர் நேசமணி, 2019 மே மாதம் திடீரென்று உலக ட்ரெண்டிங்கில் வந்தார். முகநூலில் யாரோ ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்க, ஒரு தமிழர் நேசமணியின் தலையில் விழுந்தது இதுதான் என்று பதில் போட, மற்றவை எல்லோருக்கும் தெரியும். வெளியாருக்கு ஒன்றும் புரியவில்லை என்பதுதான் அதன் ருசியே. ஏழு கோடிப் பேர் ஒரு நாள் முழுக்க ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அடி வாங்கியவர் கற்பனை ஆள் என்பதால் யாருக்கும் வலிக்கவில்லை.

எல்லாச் சொல்லும் அப்படி இல்லை. இதை நான் 2024 ஜூனில்தான் கற்றுக்கொண்டேன்.

அந்த மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். தெருவில் வரிசையாகப் பந்தல் போட்டிருந்ததை டிவியில் பார்த்தேன். அம்மா போனில் சொன்ன பெயர்களில் ஒன்று எனக்குத் தெரிந்த பெயர். சென்னையில் ஆபீஸில் இருந்தேன். அன்று சாயங்காலம் எங்கள் டீம் நண்பர்களின் வாட்ஸப் குழுவில் ஒருத்தன் எழுதினான்: "டேய் பாக்கெட், ஊருக்குப் போனா ரெண்டு எடுத்துட்டு வா." சாராயம் பாக்கெட்டில் விற்றதைச் செய்தியில் பார்த்திருக்கிறான். கெட்டவன் இல்லை. எனக்கு ஜுரம் வந்தபோது ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவன். ஊர்ப் பெயரில் 'கள்ள' என்று இருப்பதை வைத்து முன்பே எத்தனையோ ஜோக் அடித்திருக்கிறான், நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அன்றும் சிரிக்கும் எமோஜி ஒன்றைப் போட்டேன். ஒரு வாரத்துக்குள் எனக்கு 'பாக்கெட்' என்றே பெயராகிவிட்டது. மீட்டிங் முடிந்து கிளம்பும்போது, "பாக்கெட், டீ சாப்ட வரியா?" என்று பாசமாகத்தான் கூப்பிட்டார்கள். நானும் போனேன்.

வேடன் கள்ளுக்குச் 'சொல்விளம்பி' என்று பெயர் வைத்தபோது கள்ளை வைத்து விளையாடினான். 'பாக்கெட்' சாவு வீட்டை வைத்து விளையாடியது. ஆனால் இரண்டும் பிறந்த விதம் ஒன்றுதான்: ஒருத்தன் சொன்னான், இரண்டாவது ஆள் திரும்பச் சொன்னான், கூட்டம் சிரித்தது. அன்று ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது கருணாபுரம் மட்டும் இல்லை. 'மேகம்' என்று கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்து லேசாகச் சிரிக்கும் ஒரு முகமும் வந்தது. அந்தச் சிரிப்பு எந்த மாதிரிச் சிரிப்பு என்று பதினைந்து வருஷம் கழித்துத் தெரிந்தது. நான் போட்ட எமோஜி மாதிரி.

*

இதற்குப் பிறகு 'ஏழாம் உலக'த்தை மறுபடி எடுத்துப் படித்தேன். 2003இல் வந்த ஜெயமோகனின் நாவல். உடல் சிதைந்த மனிதர்களை வைத்துப் பிச்சை எடுக்கவைத்து வியாபாரம் செய்யும் போத்திவேலு பண்டாரம் அவர்களை 'உருப்படி' என்கிறார். முதல் தடவை படித்தபோது அது எனக்கு ஒரு தொழில் சொல், புதிதாகத் தெரிந்துகொண்ட ஒரு தகவல். இந்தத் தடவை அந்தச் சொல் அவருக்கு என்ன செய்து கொடுக்கிறது என்று பார்த்தேன். வீட்டில் பெண் பிள்ளைகளுக்கு உருகும் அப்பாவாக இருந்துவிட்டு, வெளியே வந்து மனிதர்களை விலை பேச ஒரு கதவு தேவைப்படுகிறது. 'உருப்படி' அந்தக் கதவு. கூட்டத்தில் எல்லோரும் அதைச் சொல்வதால் யாரும் தனியாகக் குற்றவாளி இல்லை. பொற்கொல்லனின் 'பறி' எதிரில் இருப்பவனிடமிருந்து பொருளை மறைக்கிறது. 'உருப்படி' பேசுகிறவனிடமிருந்தே பொருளை மறைக்கிறது.

எங்கள் நடுநாட்டுக்காரரான இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தபோது அதன் மொழியை எல்லோரும் பேசினார்கள். எனக்கு அந்த மொழியில் பிடிபடும் விஷயம் திசை. துணி வெளுக்கும் ஆரோக்கியம் ஊரைக் கூப்பிடும் விதம் ஒன்று, ஊர் அவளைக் கூப்பிடும் விதம் வேறொன்று. அவள் வாயிலிருந்து மேலே போகும் 'சாமி'க்கு ஈடாக ஒரு சொல்லும் அவளை நோக்கிக் கீழே வருவதில்லை. அதே சொல்லை நாலு பேர் பேசினாலும் பேசும் இடம் வேறுவேறு என்பதை அந்த நாவலின் காது ஒரு பக்கத்தில்கூட மறக்கவில்லை.

நண்பர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இரண்டு நாவல்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன். ஜாதி, தொழில், அதிகாரம் என்று வரும்போது நாம் உஷாராகிவிடுகிறோம். 'நட்பு' என்று எழுதியதும் சொற்களெல்லாம் சமமாகப் பாய்வதாக நம்பிவிடுகிறோம். மலையிலிருந்து வந்தவனும் டவுன்காரனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தாலும் சொல் ஒரு பக்கமாகத்தான் ஓடியது. அவனுடைய சமூகத்தின் பெயர் மலையாளி. கேரளத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, அவர்கள் பேசுவது தமிழ், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். இது தெரியாமல் விடுதியில் முதல் வாரம் அவனிடம் "கேரளாவா?" என்று கேட்டுக் கலாய்த்தார்கள். அப்போதே ஒரு பெயரை இழந்திருந்தான். ரெண்டாவதாக நாங்கள் ஒன்று கொடுத்தோம்.

ஒருமுறை அவனோடு மலைக்குப் போயிருக்கிறேன். கச்சிராயபாளையம் வரைக்கும் எங்களை மாதிரியே பேசிக்கொண்டு வந்தான். கோமுகி அணையைத் தாண்டிப் பஸ் மேலே ஏறத் தொடங்கியதும் கண்டக்டரோடும் பின் சீட்டுப் பாட்டியோடும் பேச ஆரம்பித்தான். வேறு இழுவை, வேறு வேகம். எனக்குப் பாதி புரியவில்லை. வில்லியம் லபோவ் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1963இல் மார்த்தாஸ் வினியார்ட் தீவைப் பற்றி எழுதிய ஆய்வைப் பின்னாளில் படித்தபோது இந்தப் பஸ்தான் ஞாபகம் வந்தது. சுற்றுலாக்காரர்கள் நிறைந்துவிட்ட அந்தத் தீவில், ஊரை விட்டுப் போக விரும்பாதவர்களின் உயிரெழுத்து உச்சரிப்பு இன்னும் அதிகமாகத் தீவுத்தன்மை கொண்டதாக மாறிக்கொண்டிருந்தது. பேச்சு அவர்களுக்கு ஒரு வேலி. அன்றைக்கு அந்த வேலிக்கு வெளியே நான் உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸில் எல்லோரும் எதற்கோ சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

*

இந்தக் கட்டுரைக்காகப் போன மாதம் அவனுக்குப் போன் செய்தேன். இப்போது மலையில் ஆசிரியராக இருக்கிறான். கொஞ்ச நேரம் குடும்பக் கதை பேசிவிட்டு, 'மேகம்' பற்றி எழுதப்போகிறேன் என்றேன். அவன் உடனே ஒன்றும் சொல்லவில்லை.

"ஒனக்கு அது ஜோக்குடா. என்னய ரெண்டு வருசம் அப்படித்தான கூப்ட்டீங்க" என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

நான் பாக்கெட் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நீ என்னா பண்ண?" என்றான்.

"சிரிச்சேன்."

"ம். நானும்."

மன்னிப்பு மாதிரி எதையோ சொல்ல ஆரம்பித்தேன். "அட உடுடா" என்று நிறுத்தினான். பிறகு அவனே சொன்னான், விடுதியில் மலைப் பையன்கள் ஆறு பேர் இருந்தார்களாம், டவுன் பசங்களுக்கு அவர்களும் ஒரு பெயர் வைத்திருந்தார்களாம். எங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே சொல். ரெண்டு வருஷமும் எங்கள் முன்னாலேயே சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

"என்னடா அது?"

"அத சொல்ல மாட்டேன்."

"டேய், பதினஞ்சு வருசம் ஆச்சு. கட்டுரைக்கு வேணும்டா."

"அதுக்குத்தான் சொல்ல மாட்டேன்றேன். அது எங்க பசங்களுது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். நான் அதுவரை கேட்காத சிரிப்பு.

அந்த ரெண்டு வருஷப் பேச்சையெல்லாம் ஞாபகப்படுத்திப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எந்தச் சொல்லாக இருக்கும்?